கேம்பர் முதுகில், ட்ரெய்லர் வாலில்: வாசகர் கேள்வி பதில்

பிக்கப் ட்ரக்கின் பெட்டில் (பின்புறச் சாமான் தொட்டியில்) ஏற்றி இறக்கும் கேம்பரை, அதாவது தங்கும் அறையை, வைத்துக்கொண்டு, அதற்கும் பின்னால் படகோ சாமான் ட்ரெய்லரோ இழுக்கலாமா? கோடை நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில். எடை பவுண்டில், நீளம் அங்குலத்தில்.

எங்களுடையது பின்னால் இரண்டே சக்கரம் உள்ள ஒரு டன் பிக்கப். வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம்) 176. தண்ணீர், ஆட்கள், சாமானோடு கேம்பரை ஏற்றி எடை போட்டதில் முன் அச்சு 5,020, பின் அச்சு 6,880. கதவு ஸ்டிக்கரில் மொத்த எடை வரம்பு 12,000. பின் அச்சு வரம்பு 7,200. விளம்பரத்தில் இந்த ட்ரக் 15,000 இழுக்கும் என்கிறார்கள். 5,000 பவுண்டு படகு ட்ரெய்லரை இழுக்கலாமா? கேம்பர் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் ஹிட்சுக்கு (ட்ரெய்லரை மாட்டும் பிடிமானம்) 36 அங்குல எக்ஸ்டென்ஷன் தேவைப்படுகிறது.
— வாசகர், ஹூஸ்டன்

இப்போதுள்ளபடி கூடாது. கணக்கைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இதே கணக்குதான் எல்லாருக்கும்.

விளம்பர எண் ஏறக்குறைய காலி ட்ரக்கில் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும் உட்கார்ந்திருப்பதாக வைத்துப் போட்டது. ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்த கூட்டு எடைக்கு ஒரு வரம்பு உண்டு. கேம்பர் ஏறியதும் அதன் எடை முழுவதும் அந்த வரம்பிலிருந்து கழியும். உங்கள் விஷயத்தில் அதுகூடப் பிரச்சினை இல்லை. பின் அச்சுதான் பிரச்சினை.

மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் என்பார்களே, அதே கதைதான். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும். ட்ரக்கில் எழுவது முன் அச்சு, அதாவது ஸ்டீயரிங். ட்ரெய்லரின் மூக்கு ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் பாரத்தை டங் வெயிட் என்கிறார்கள்; சாதாரண ட்ரெய்லரில் இது ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். உங்களுக்கு 500 என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சிலிருந்து பந்து வரை ட்ரக்கிலேயே 54 அங்குலம், எக்ஸ்டென்ஷன் 36, ஆக 90 அங்குலம்.

முன் அச்சு இழப்பது: 500 × 90 ÷ 176 = 256.
பின் அச்சில் கூடுவது: 500 + 256 = 756.

ட்ரெய்லர் கொடுத்தது 500 பவுண்டுதான். பின் அச்சு சுமப்பது 756. அது 7,636 ஆகிவிடும். வரம்புக்கு 436 மேல். ட்ரக்கின் மொத்த எடையும் 12,400. உங்கள் டயர் 80 பி.எஸ்.ஐ. காற்றில் தலைக்கு 3,750 தாங்கும் வகை என்றால் இரண்டுக்கும் 7,500, டயரும் தாங்காது. அதற்கும் கீழான டயராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வழி இல்லாமல் இல்லை. நன்னீர்த் தொட்டி 40 கேலன் என்றால் அதில் மட்டும் 334 பவுண்டு இருக்கிறது (கேலனுக்கு 8.34). தொட்டி பெரும்பாலான கேம்பர்களில் பின் அச்சுக்கு அருகில்தான் இருக்கும். அதை வடித்துவிட்டுக் கிளம்பினால் பின் அச்சில் 654, மொத்த எடையில் 434 மிச்சம். 654-ஐ 1.51-ஆல் (756 ÷ 500) வகுத்தால் 433. ஆக, அதிகபட்ச டங் வெயிட் 430 பவுண்டு, அதுவும் வரம்பைத் தொட்டுக்கொண்டு. நாங்கள் சொல்வது 3,500 பவுண்டு ட்ரெய்லர், 350 டங் வெயிட். அப்போது பின் அச்சு 7,075, மொத்தம் 11,916. ஒரு நாய்க்குட்டியைக் கூடுதலாக ஏற்றலாம், அவ்வளவே. கழிவுநீர்த் தொட்டிகள் இரண்டையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம் போய்த் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்.

5,000 பவுண்டு படகைத்தான் இழுக்க வேண்டும் என்றால், பின்னால் நான்கு சக்கரம் உள்ள ட்ரக்குக்கு மாறுவது ஒன்றே நேர்மையான பதில்.

எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நீளம் வாங்குவது? கடையில் "ஹிட்ச் 12,000 தாங்கும், கவலை வேண்டாம்" என்கிறார்கள்.
— வாசகர், டென்வர்

ஹிட்ச் தாங்கும், எக்ஸ்டென்ஷன் போடாதவரை. ரிசீவரில் (ட்ரக்கின் அடியில் உள்ள ஹிட்சின் சதுரக் குழாய்) குறுக்கு ஊசி மாட்டும் துளையிலிருந்து பந்து வரை வழக்கமாகப் பத்து அங்குலம் இருக்கும். 500 பவுண்டு டங் வெயிட் ரிசீவரின் வாயில் தரும் வளைப்பு 5,000 அங்குல-பவுண்டு. 36 அங்குலம் நீட்டினால் 23,000. பாரம் ஏறவில்லை, நெம்புகோல் நீண்டிருக்கிறது. இரும்புக்கு அது நாலரை மடங்கு. அதனால்தான் சாதாரண ஒற்றைக் குழாய் எக்ஸ்டென்ஷனைப் போட்டதும் வரம்பு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். குறைந்த எண் எது என்பது எக்ஸ்டென்ஷனின் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும். ஹிட்ச், எக்ஸ்டென்ஷன், பந்துக் கட்டை, பந்து, ட்ரெய்லர் கப்ளர் ஆகிய ஐந்தில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. டங் வெயிட்டுக்குத் தனி எண் இருக்கும், அதையும் பாருங்கள். அதைத்தான் பலர் பார்ப்பதில்லை.

இரண்டடிக்கு மேல் நீட்டுவதாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரிசீவர் வாய் உள்ள ஹிட்ச் வாங்குவது மேல். டார்க்லிஃப்ட் நிறுவனத்தின் சூப்பர்ஹிட்ச் இப்படிப்பட்டது. எக்ஸ்டென்ஷன் மேலும் கீழுமாக இரண்டு வாயிலும் நுழைவதால் வளைப்பு ஒரே குழாயின் மேல் விழாது. விலை கூடுதல்தான்.

நீளத்துக்கு அளவு: ரிசீவரின் குறுக்கு ஊசித் துளையிலிருந்து கேம்பரின் கடைசிப் புள்ளி வரை. பம்பர், படிக்கட்டு, ஏணி எல்லாம் சேர்த்து. அதைத் தாண்டிப் பந்து ஆறு முதல் எட்டு அங்குலம் வெளியே இருந்தால் போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். ஒவ்வோர் அங்குலமும் பின் அச்சில் ஏறும்.

ரிசீவர் 2½ அல்லது 3 அங்குலமாக இருந்து எக்ஸ்டென்ஷன் 2 அங்குலமாக இருந்தால் இடையில் ஸ்லீவ் போட்டு ஒப்பேற்றுவார்கள். அந்த ஆட்டம் எக்ஸ்டென்ஷனின் முனையில் பல மடங்காகத் தெரியும். ரிசீவர் அளவுக்கே எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆட்டத்தை இறுக்கும் கிளாம்பாவது போடுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலியை எக்ஸ்டென்ஷனில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது இன்னொரு தவறு. எக்ஸ்டென்ஷனே கழன்று வந்தால் சங்கிலியும் அதோடு போகும். ட்ரக்கின் ஹிட்ச் வளையத்திலிருந்தே சங்கிலியை நீட்டிக்கொண்டு வந்து, மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். நீட்டும் சங்கிலி, ஷாக்கிள் இரண்டிலும் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். ட்ரெய்லர் அறுந்தால் அதன் பிரேக்கைப் பிடிக்கும் பிரேக்அவே கம்பியும் அப்படியே: அதையும் ட்ரக்கில்தான் மாட்ட வேண்டும், எக்ஸ்டென்ஷனிலோ சங்கிலியிலோ அல்ல. நீளம் போதாவிட்டால் நீளமான கம்பி வாங்குங்கள். திரும்பும்போது இழுபடாத அளவு தளர்வு வேண்டும், தரையில் உரசும் அளவு கூடாது.

பந்தின் நட்டையும் கையால் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். தண்டு ¾ அங்குலம் என்றால் 160 அடி-பவுண்டு, 1 அங்குலம் என்றால் 250, 1¼ என்றால் 450 என்பது வழக்கமான அளவு; பந்தோடு வரும் சீட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

ஐந்தாம் சக்கர ட்ரெய்லரையோ கூஸ்நெக்கையோ இழுக்க முடியுமா?
— வாசகர், சான் ஹோசே

முடியாது. அவற்றின் பிடிமானம் பெட்டுக்குள்ளே பின் அச்சுக்கு மேலே இருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் கேம்பர் உட்கார்ந்திருக்கிறது.

பின்பக்கம் தாழ்ந்ததால் ஏர்பேக் போட்டோம். இப்போது ட்ரக் மட்டமாக நிற்கிறது. இனி பயமில்லையே?
— வாசகர், கால்கரி

மட்டமாக நிற்பது வேறு, பாரம் சரியாக இருப்பது வேறு. ஏர்பேக் சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே நின்று பின்பக்கத்தைத் தூக்குகிறது. முன் அச்சு இழந்த எடையை அது திருப்பித் தராது. ஹூஸ்டன் வாசகரின் கணக்கில் வந்த அந்த 756 பவுண்டு இன்னும் பின் அச்சில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் போனது மட்டும்தான் மாற்றம். ஏர்பேக், கூடுதல் ஸ்பிரிங், ஸ்பிரிங்கோடு சேர்க்கும் ஸ்டேபிள்லோடு, பெரிய ஆன்டி-ஸ்வே பார் எதுவும் கதவு ஸ்டிக்கரின் எண்ணை உயர்த்தாது.

ஆனால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. உயரமான கேம்பர் வளைவில் பக்கவாட்டில் சாய்வதைப் பின்புற ஆன்டி-ஸ்வே பார் நன்றாகவே குறைக்கும். முதல் செலவு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வோம். ஏர்பேக் வைத்திருந்தால் இடம் வலம் தனித்தனிக் குழாய் இருக்கட்டும். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று அழுந்திய பக்கத்திலிருந்து எழும்பிய பக்கத்துக்கு ஓடி, சாய்வு கூடும். காலியாக ஓட்டும்போதும் பையில் குறைந்தது 5 பி.எஸ்.ஐ. வேண்டும், இல்லாவிட்டால் பை மடிந்து கிழியும்.

அப்படியானால் முன் அச்சுக்கு எடையைத் திருப்பித் தரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போடலாமே?
— அதே வாசகர்

போடலாம், எக்ஸ்டென்ஷன் தயாரிப்பாளர் அதை அனுமதித்திருந்தால். அந்த ஹிட்சின் ஸ்பிரிங் கம்பிகள் எக்ஸ்டென்ஷனையே மேல்நோக்கி முறுக்கித்தான் வேலை செய்கின்றன. சாதாரண ஒற்றைக் குழாய் எக்ஸ்டென்ஷன்கள் பலவற்றில் அதற்குத் தடை. இரட்டை வாய் வகைகளில் அதற்கென்றே தனி எண் இருக்கும். ட்ரெய்லரின் மூக்குச் சட்டத்தில் கம்பிகளை மாட்ட இடமிருக்கிறதா என்றும் பாருங்கள். படகு ட்ரெய்லர்களில் பெரும்பாலும் இருக்காது.

கேம்பர் பெட்டில் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?
— வாசகி, அட்லான்டா

அமெரிக்கக் கூட்டாட்சி விதி 575.103 இதற்கென்றே இருக்கிறது. கேம்பரின் ஈர்ப்பு மையம் எங்கே என்று கேம்பர் தயாரிப்பாளர் குறிக்க வேண்டும். அந்த மையம் பெட்டில் எங்கிருந்து எதுவரை விழலாம் என்று ட்ரக் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். பல கேம்பர்களில் பக்கச் சுவரில் சிறிய அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். அது பின் அச்சின் மையத்துக்கு நேராகவோ சற்று முன்னாலோ விழ வேண்டும். பின்னால் விழுந்தால், ட்ரெய்லர் மாட்டும் முன்பே பின்பாரம்தான்; அந்தக் கேம்பரோடு ட்ரெய்லர் இழுக்காதீர்கள். பெட்டில் கனத்த ரப்பர் பாய் விரியுங்கள். ட்ரெய்லர் பின்னால் இருந்து இடிக்கும் இடியில் கேம்பர் வழுக்கும். பாய் இல்லாவிட்டால் அத்தனையும் கேம்பரை ட்ரக்கோடு கட்டும் கம்பிகளின் மேல் விழும். முதல் நிறுத்தத்தில் நான்கு கம்பிகளையும் தொட்டுப் பாருங்கள்.

கேம்பர், ட்ரெய்லர் இரண்டையும் ஒய் வடிவ வயரில் மாட்டினோம். எல்.இ.டி. விளக்கு மினுக்குகிறது, "ட்ரெய்லர் துண்டிக்கப்பட்டது" என்று திரையில் வருகிறது. ட்ரெய்லர் பிரேக்கும் பலவீனம்.
— வாசகர், சியாட்டில்

முதல் இரண்டும் ஒரே நோய், மூன்றாவது வேறு.

புதிய ட்ரக்குகள் ஏழு முள் இணைப்பில் சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பி, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எல்.இ.டி. அதற்கே மினுக்கும். ட்ரெய்லரைக் கழற்றிய பிறகும் கேம்பரின் விளக்குகளைப் பார்த்து ட்ரெய்லர் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஒய் வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, விளக்குச் சைகையை மட்டும் எடுத்து, மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தரும் தனிக் கன்வெர்ட்டரில் கேம்பரை இணையுங்கள்.

பிரேக் பலவீனத்துக்கு முதல் சந்தேகம் புதிதாகச் சேர்ந்த இணைப்பு முனைகள். இரண்டு அச்சு ட்ரெய்லரில் நான்கு பிரேக். காந்தம் ஒன்றுக்கு சுமார் 3 ஆம்பியர், ஆக 12. பச்சை படிந்த முள்ளோ தளர்ந்த எர்த்தோ இருந்தால் வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். ஒருவர் பிரேக் கன்ட்ரோலரை (ட்ரக்கிலிருந்து ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) முழுதாக அழுத்த, இன்னொருவர் ட்ரெய்லர் பக்கம் மீட்டர் வைத்து, ட்ரக் பக்கத்து அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முனைகளை மாற்றுங்கள். நீட்டிப்பு வயரில் பிரேக், எர்த், சார்ஜ் மூன்றும் 10 அல்லது 12 கேஜ் இருக்கட்டும்.

பிறகு கன்ட்ரோலரில் கெயின் அளவை (ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்பதை) மறுபடி வைக்க வேண்டும். சாமான் ஏற்றிய ட்ரெய்லரோடு, வெறிச்சோடிய சமதளத் தார்ச் சாலையில் 20–25 மைல் வேகத்தில் கைப்பிடி லீவரை மட்டும் அழுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு தேயும் வரை கெயினைக் கூட்டி, அதிலிருந்து சற்றே குறையுங்கள்.

இன்னொன்று. கேம்பர் பேட்டரியும் ட்ரெய்லர் பேட்டரியும் ஒரே சார்ஜ் வயரில் தொங்கினால், வண்டி நின்ற பிறகு ஒன்றையொன்று குடிக்கும். கேம்பருக்கு டி.சி.-டி.சி. சார்ஜர் போட்டுப் பிரித்துவிடுங்கள்.

ட்ரெய்லர் திரும்பும்போது கேம்பரின் பின்கதவை இடிக்குமா?
— வாசகர், நியூஜெர்ஸி

ட்ரெய்லரின் முன்சுவர் பந்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். கேம்பரின் அகலத்தில் பாதியைவிட அது அதிகம் என்றால், 90 பாகை மடிந்தாலும் முன்சுவர் கேம்பருக்கு வெளியேதான் சுற்றும். 96 அங்குலக் கேம்பருக்கு 48. இடிப்பது பெரும்பாலும் சுவர் அல்ல, மூக்குச் சட்டத்தின் மேல் ஏற்றி வைக்கும் கருவிப் பெட்டி. 40 அங்குல அகலப் பெட்டி என்றால் முழு மடிப்பில் அதன் மூலை பந்துக்கு 20 அங்குலம் முன்னால் வந்து நிற்கும். உங்கள் பந்தோ கேம்பரிலிருந்து எட்டே அங்குலம்தான். பெட்டியை எடுத்துவிடுங்கள், அல்லது எத்தனை பாகையில் இடிக்கிறது என்று காலி மைதானத்தில் ஒருவரைக் கீழே நிறுத்தி மெதுவாகப் பார்த்து மனதில் வையுங்கள். ஜாக்கின் கைப்பிடியையும் மறக்காதீர்கள். படிக்கட்டை மடிக்காமல் கிளம்பினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

டெயில்கேட்டைக் கழற்றியதும் அதிலிருந்த கேமராவும் போய்விடும். கேம்பரின் பின்சுவரில் ஒன்றும் ட்ரெய்லரின் பின்னால் ஒன்றும் வேண்டும்.

எடையை எங்கே, எப்படிப் போடுவது?
— பலர்

லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். அமெரிக்கா, கனடா இரண்டிலும் உண்டு. முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு அடுத்ததில், ட்ரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி ஓட்டுங்கள். எல்லாரும் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், டீசல் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். சீட்டு வாங்கியதும் ட்ரெய்லரை ஓரமாகக் கழற்றி நிறுத்திவிட்டு ட்ரக்கை மட்டும் மறுபடி ஏற்றுங்கள். இரண்டு சீட்டிலும் ட்ரக்கின் இரு அச்சுகளைக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம்தான் டங் வெயிட். முன் அச்சு எவ்வளவு இழந்தது என்பதும் அதே சீட்டில் தெரியும்.

ஒன்டாரியோவில் சாதாரண ஜி லைசென்ஸ் போதுமா?
— வாசகர், ஸ்கார்பரோ

ஜி வகுப்பில் ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோ வரை, அதில் ட்ரெய்லர் 4,600 கிலோவுக்கு மிகாமல் ஓட்டலாம். இங்கே பேசும் அளவுகளுக்குப் போதும். ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம்.

60 மைலைத் தாண்டினால் ட்ரெய்லர் வாலாட்டுகிறது. என்ன செய்வது?
— வாசகர், சாக்ரமென்டோ

முதலில், கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வரம்பே 55 மைல்தான்.

ஆட்டம் தொடங்கிய அந்த நேரத்தில் ட்ரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ட்ரெய்லர் பிரேக் லீவரை மட்டும் கையால் மெல்ல அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும்.

காரணம் பெரும்பாலும் டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே இருப்பது. பின் அச்சைக் காப்பாற்றுவதற்காக ட்ரெய்லரின் சாமானைப் பின்னால் தள்ளி வைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ட்ரக்குக்கு நல்லது ட்ரெய்லருக்குக் கேடு. எக்ஸ்டென்ஷன் வேறு சேரும்போது ட்ரக்கின் சிறு அசைவும் பந்தில் பெரிதாகி ட்ரெய்லருக்குப் போகிறது. சாமானை ட்ரெய்லர் அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். அதனால் பின் அச்சு வரம்பைத் தாண்டினால் சாமானைக் குறையுங்கள், பின்னுக்குத் தள்ளாதீர்கள். அடுத்து ட்ரெய்லர் டயரின் காற்று. பக்கவாட்டில் எழுதிய முழு அளவுக்கு, குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். ட்ரெய்லருக்கென்றே செய்யும் எஸ்.டி. வகை டயர்களில் பலவற்றுக்கு வேக வரம்பு 65 மைல். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். வெயிலில் நின்றே விரிசல் விட்ட பழைய டயருக்கு எவ்வளவு காற்று அடித்தாலும் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.